கல்லூரி வாசலில் ஒரு வீடு: வாடகையின் அறம்

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாணவர் தரும் வாடகையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று கட்டடத்துக்கு உரியது: சுவர், கூரை, குழாய், மின் இணைப்பு, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு. மற்றொன்று இடத்துக்கு உரியது: நடந்தே வகுப்புக்குப் போகலாம், நூலகம் மூடும்வரை படித்துவிட்டு அச்சமில்லாமல் அறைக்குத் திரும்பலாம் என்ற வசதி. முதல் கூறை உண்டாக்கியவர் வீட்டுக்காரர். இரண்டாவதை உண்டாக்கியது பல்கலைக்கழகம். இரண்டுக்குமான பணம் வீட்டுக்காரர் கைக்கே போய்ச் சேர்கிறது. இது நியாயமா என்பது பார்வைக்குப் பொருளாதாரக் கேள்வி. ஆனால் யூத, இஸ்லாமிய, கிறிஸ்தவ மரபுகள் மூன்றும் இதை அறக்கேள்வியாகவே எடுத்துப் பேசியிருக்கின்றன. இதை ஒட்டி இன்னும் இரு கேள்விகள் எழுகின்றன. வீடு கேட்டு வருபவர்களில் யாருக்கு இல்லை என்று சொல்லலாம்? பாதுகாப்பு என்ற பெயரில் குடியிருப்பவரின் வாழ்வில் எதுவரை தலையிடலாம்?

சென்னை நிலவரம்

இந்தக் கேள்விகளைச் சென்னையில் வைத்துப் பார்ப்பது எளிது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியும், 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் சர்தார் படேல் சாலையை ஒட்டி இருக்கின்றன. இவற்றைச் சுற்றியுள்ள கோட்டூர்புரம், அடையாறு, தரமணி, வேளச்சேரிப் பகுதிகளில் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வீடு தேடும் படலம் நடக்கிறது. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்குப் பக்கத்தில் திருவல்லிக்கேணி இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்கவும் வேலை தேடவும் வந்த பல தலைமுறை இளைஞர்கள் அதன் மேன்சன்களில்தான் தங்கினார்கள். ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, தளத்துக்குப் பொதுவான குளியலறை என்பதே மேன்சன் அறையின் இலக்கணம்.

தனி வீடோ போர்ஷனோ வேண்டும் என்றால் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். சப்-மீட்டர் வைத்து, மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது சில இடங்களில் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. எழுத்து வடிவ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் ‘வேறு உடன்பாடு இல்லாதபோது’ என்ற விலக்கு, கேட்பவர் கை ஓங்கியிருக்கும் இடத்தில் விதியையே விழுங்கிவிடுகிறது. வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது கையில் பெட்டியோடு நிற்கும் மாணவர் எந்த உடன்பாட்டுக்கும் தலையாட்டுவார். அவர் தலையாட்டியதை முழுச் சம்மதம் என்று கொள்ளலாமா என்பதில்தான் அறக்கேள்வி தொடங்குகிறது.

எருசலேமும் மக்காவும்

ஒரு நகரில் உள்ள ஒன்றை நாடி வெளியூர் மக்கள் திரளும்போது, அங்கே வீடு வைத்திருப்பவர் அவர்களிடம் வாடகை வாங்கலாமா? கல்விக்கூடங்களுக்கு முன்பே திருத்தலங்களில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

ஆண்டுக்கு மூன்று பெருவிழாக்களுக்கு எருசலேம் ஆலயத்தை நாடி யூதர்கள் வந்தார்கள். அந்நகரில் வீடுகளை வாடகைக்கு விடக் கூடாது என்ற பழைய கருத்தொன்றை யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் பதிவு செய்கிறது. காரணம், அந்த நகரம் இஸ்ரவேலரின் எந்தக் கோத்திரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படவில்லை. ஆகவே அங்குள்ள வீடு அதில் இருப்பவரின் முழுச் சொத்து ஆகாது. அதே நூல் மாற்றுக் கருத்தையும் சொல்கிறது: யூதா, பென்யமீன் ஆகிய இரு கோத்திரங்களுக்கு நகரம் பங்கிடப்பட்டது என்பவர்களும் உண்டு. வாடகை கிடையாது என்றான பிறகு வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அது மறைக்கவில்லை. பலியிட்ட விலங்குகளின் தோலை விருந்தினரிடமிருந்து வலிந்து வாங்கிக்கொண்டார்கள். இதிலிருந்து பிற்கால அறிஞர் ஒருவர், தங்கிப் போகிறவர் தன் மதுக்குடத்தையும் விலங்கின் தோலையும் வீட்டுக்காரருக்கு விட்டுச் செல்வது நல்ல வழக்கம் என்று முறைப்படுத்தினார். இடத்துக்கு விலை இல்லை, உபசரித்தவரின் உழைப்புக்கு நன்றி உண்டு என்ற வேறுபாடு அங்கே உருவாகிறது.

மக்காவைப் பற்றிய விவாதம் இன்னும் கூர்மையானது. புனிதப் பள்ளிவாசலில் உள்ளூர்வாசிக்கும் வெளியூர்க்காரருக்கும் சம உரிமை உண்டு என்பது குர்ஆனின் 22-ஆம் அத்தியாயத்தில் வரும் கருத்து. அந்தச் சமத்துவம் பள்ளிவாசலின் சுவரோடு நின்றுவிடுகிறதா, நகரின் வீடுகளுக்கும் நீள்கிறதா என்பதில் சட்ட அறிஞர்கள் வேறுபட்டார்கள். ஹஜ் பயணிகள் விரும்பிய இடத்தில் தங்கும்படி வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாம் என்று கலீஃபா உமர் சொன்னதாக மரபுச் செய்தி ஒன்று உண்டு. ஹஜ் காலத்தில் மக்கா வீடுகளுக்கு வாடகை வாங்குவதை இமாம் அபூ ஹனீஃபா விரும்பத்தகாததாகக் கருதினார். இமாம் ஷாஃபிஈ அதை மறுத்தார். வீடு அதன் உரிமையாளருக்கே சொந்தம், விற்கவும் வாடகைக்கு விடவும் அவருக்கு உரிமை உண்டு என்றார்.

இரு தரப்பிலும் வலு இருக்கிறது. மக்காவுக்கு மக்கள் வருவது கஃபாவுக்காக. எந்த வீட்டுக்காரரையும் நாடி அவர்கள் வருவதில்லை. ஆகவே அந்தத் திரளை வைத்து ஒருவர் பொருள் ஈட்டுவது முறையா என்கிறது ஒரு தரப்பு. வாடகையே இல்லையென்றால் யார் வீடு கட்டுவார்கள், யார் அதைப் பழுதுபார்ப்பார்கள் என்கிறது மறுதரப்பு. கஃபா இருந்த இடத்தில் பல்கலைக்கழகத்தை வைத்துப் பார்த்தால் வாதத்தின் அமைப்பு மாறுவதில்லை.

பாரிஸ் மாணவர்களும் அக்குவினாஸும்

இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய நாளிலிருந்தே வாடகைச் சண்டையும் உடன் வந்தது. அப்போது அவற்றுக்குச் சொந்த வளாகம் கிடையாது. ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத்தார் வீடுகளில் வாடகைக்கு இருந்துகொண்டே பாடம் நடத்தினார்கள், கேட்டார்கள். பொலோன்யாவில், ஏற்கெனவே மாணவர் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் கூடுதல் வாடகை சொல்லி அவரை வெளியேற்றக் கூடாது என்ற தடை 12-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1189-ல் போப் மூன்றாம் கிளெமென்ட் அதை உறுதிசெய்தார். ஆக்ஸ்போர்டில் 1209-ல் நகரத்தார் மாணவர்களைத் தூக்கிலிட்டதை அடுத்துப் பல்கலைக்கழகமே கலைந்துபோனது. 1214-ல் சமரசம் ஏற்பட்டபோது நகரத்தாருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளில் ஒன்று, மாணவர் விடுதிகளின் வாடகையைப் பத்தாண்டுக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது. 1231-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, கேம்பிரிட்ஜில் இரு ஆசிரியர்களும் இரு நகரத்தாரும் சேர்ந்து வாடகையை மதிப்பிட வேண்டும் என்று ஆணையிட்டார். அதே ஆண்டு போப் ஒன்பதாம் கிரகோரி, வாடகை மதிப்பீட்டு உரிமை பறிக்கப்பட்டால் பாடங்களை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

இந்த ஏற்பாடுகளுக்குப் பின்னே ‘நியாய விலை’ என்ற கருத்து இருந்தது. அதைத் தெளிவாக எழுதிவைத்தவர் பாரிஸிலேயே பாடம் நடத்திய தாமஸ் அக்குவினாஸ். ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்குத் தனி இழப்பு ஏற்படுமானால் அந்த இழப்பை விலையில் சேர்க்கலாம் என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் முக்கியமானது. வாங்குபவருக்கு அந்தப் பொருள் பெரும் பயன் தருகிறது, விற்பவருக்கோ தனி இழப்பு எதுவும் இல்லை என்றால், அந்தப் பயனைக் காட்டி விலையை ஏற்றக் கூடாது. ஏனெனில் அந்தக் கூடுதல் பயன் விற்பவரிடமிருந்து வரவில்லை. வாங்குபவரின் நிலைமையிலிருந்து வருகிறது. தன்னுடையதல்லாத ஒன்றை விற்க எவருக்கும் உரிமை இல்லை.

அக்குவினாஸ் பேசியது கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் பற்றி. ஆனால் கல்லூரி வாசலில் உள்ள வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் அறை தேடி வரும் மாணவரின் அவசரம் வீட்டுக்காரர் உண்டாக்கியதல்ல. அந்த அவசரத்துக்கு விலை போட்டால் மாணவரிடம் உள்ளதை மாணவருக்கே விற்றதாகும். வீட்டுக்கடனின் மாதத் தவணை, சொத்து வரி, லாரித் தண்ணீர்ச் செலவு, அறை வைப்பதற்காகத் தான் விட்டுக்கொடுத்த இடம் இவையெல்லாம் வீட்டுக்காரரின் உண்மையான செலவும் இழப்பும். இவற்றை வாடகையில் சேர்ப்பதை அந்த அறம் தடுக்கவில்லை.

வீட்டுக்காரர் தரப்பு

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கல்லூரிக்குப் பக்கத்தில் மனை வாங்கியவர் அந்த அண்மைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறார். பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கியிருக்கலாம். கணவரை இழந்த முதியவருக்கு மாடிப் போர்ஷன் வாடகையே மருந்துச் செலவாக இருக்கலாம். அவர்களிடம் போய், அண்மையை உண்டாக்கியவர் நீங்கள் இல்லை, ஆகவே அதற்குக் காசு வாங்காதீர்கள் என்பது, முன்பு நிலத்தை விற்று லாபத்தோடு விலகியவரை விட்டுவிட்டுக் கடைசியாகக் கையில் வைத்திருப்பவரைக் குற்றம் சொல்வதாகும்.

இந்தச் சிக்கலை 1879-ல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ நூலில் எடுத்துக்கொண்டவர் அமெரிக்கச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ். நிலத்தின் வாடகை எப்படி உருவாகிறது என்று டேவிட் ரிக்கார்டோ 1817-ல் விளக்கியிருந்ததை அவர் அறத்தின் பக்கம் திருப்பினார். கட்டடம் மனித உழைப்பின் விளைவு; அதன் வருவாய் உழைத்தவருக்கு. இடத்தின் மதிப்பு சமூகம் முழுவதும் சேர்ந்து உண்டாக்கியது. அது சமூகத்துக்குத் திரும்ப வேண்டும். தனி உரிமையாளரைத் திட்டுவதால் பயனில்லை என்று கருதிய அவர், நிலமதிப்பின் மீது வரி விதித்து அதைப் பொதுச் செலவுக்கு எடுக்க வேண்டும், கட்டடத்துக்கும் உழைப்புக்கும் வரி வேண்டாம் என்றார்.

ஜார்ஜின் வரித்திட்டத்தை ஏற்காதவர்களும் அவர் காட்டும் திசையைப் பார்க்கலாம். அண்மையின் விலை ஏறுவதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. விடுதியில் இருக்கும் கட்டில்களைவிட அதிகமான வெளியூர் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம், மிச்சமுள்ளவர்களைச் சந்தைக்கு அனுப்புகிறது. அந்தப் பகுதி வாடகையை ஏற்றுவது அந்தச் சேர்க்கைதான். அப்படியென்றால் கடமையில் பெரும்பங்கு அண்மையை உண்டாக்கிய நிறுவனத்துக்கும், அதை நடத்தும் அல்லது அனுமதிக்கும் அரசுக்கும் சேர்கிறது. வீட்டுக்காரரின் கடமை அதனால் ஒழிந்துவிடுவதில்லை; ஆனால் தனியாக அவர் தலையில் சுமத்தக் கூடியதாகவும் இல்லை.

கற்பிப்பவர் தங்க இடமும் தருதல்

படிக்க அழைப்பவரே தங்கவும் வைக்க வேண்டும் என்பது தமிழகத்தில் கல்வெட்டில் பொறித்த நடைமுறை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு நெல்லும் பொன்னும் நிலமும் ஒதுக்கியதைச் சொல்கிறது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. அங்கே கோயிலோடு கல்லூரியும் விடுதியும் 15 படுக்கை கொண்ட மருத்துவமனையும் இருந்தன. மாணவர் படுக்கப் பாய்க்கும், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய்க்கும், இரவு விளக்குக்கும் தனித்தனியே செலவு எழுதியிருக்கிறது. படிப்பவருக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய குறையும் உண்டு. அந்தக் கல்லூரிகள் வேதக் கல்விக்கானவை. அவற்றின் விடுதிக் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறக்கவில்லை. தங்குமிடம் இலவசம் என்பதும் தங்குமிடம் அனைவருக்கும் என்பதும் வெவ்வேறு அறங்கள். இரண்டாவது அறம் பிற்காலத்தில்தான் விடுதிகளாக உருப்பெற்றது. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1901 முதல் பல சமூகத்து மாணவர்களுக்கும் விடுதிகள் அமைக்கத் துணைநின்றார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்க வழி செய்தார். ஆதிதிராவிட, பிற்படுத்தப்பட்ட சமூகத்து மாணவர்களுக்குத் தமிழக அரசு நடத்தும் விடுதிகள் அந்த வழியில் வந்தவை. வாடகைச் சந்தை கதவடைக்கும் இடத்தில் படிப்பு நின்றுவிடாமல் காப்பது இவைதான்.

யாருக்கு இல்லை என்று சொல்லலாம்?

1917-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு அம்பேத்கர் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றார். தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் தன் சாதி தெரிந்துவிடும் என்பதால், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு தங்கினார். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. தடிகளோடு வந்த பார்சிகளின் கூட்டம் அவரை அன்றே வெளியேறச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், ரயில் நேரம் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் திரும்பினார். நியூயார்க்கில் மாணவர் விடுதியில் சாதி கேட்கப்படாமல் தங்கியிருந்தவர் அவர். வாடகை கொடுக்கப் பணம் இருந்தும் வீடு மறுக்கப்படலாம் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. மலிவு, பாதுகாப்பு ஆகிய இரண்டும், கதவு திறந்த பிறகு வரும் பேச்சு.

இன்று வீடு கேட்டு போன் செய்யும் மாணவரிடம் நேராகச் சாதி கேட்பவர் குறைவு. ‘சொந்த ஊர் எது?’, ‘அப்பா பேர் என்ன?’, ‘நான்வெஜ் சமைப்பீங்களா?’, ‘பேச்சிலரா, ஃபேமிலியா?’ என்று கேள்வி சுற்றி வருகிறது. பெயரைக் கேட்டதும், ‘நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருங்க’ என்று முடிந்துவிடும் உரையாடல்கள் உண்டு. டு-லெட் போர்டு அடுத்த வாரமும் தொங்கிக்கொண்டிருக்கும்.

உணவு பற்றிய கேள்வியை மட்டும் தனியே ஆராய வேண்டும். ஏனெனில் அதற்குப் பின்னே உண்மையான சமய உணர்வும் இருக்கலாம். சமண அறத்தில் ஒரு தீவினை மூன்று வழியில் ஒட்டும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். தன் வீட்டில் இறைச்சி சமைக்க இடம் கொடுப்பது மூன்றாவது வகையில் சேருமோ என்ற அச்சம் பொய்யானதல்ல. கத்தோலிக்க அறநூலார் இதே சிக்கலை வேறு விதமாகப் பிரித்தார்கள்: பிறர் செயலின் நோக்கத்தில் பங்குகொள்வது வேறு, அந்த நோக்கம் இல்லாமல் சூழ்நிலையால் துணையாக அமைவது வேறு. முன்னது எப்போதும் குற்றம். பின்னது தொலைவையும் காரணத்தையும் பொறுத்தது. இந்த அளவுகோலில் பார்த்தால், ஒரே அடுக்களையைப் பகிரும் வீட்டில் சைவம் மட்டும் என்ற நிபந்தனைக்கு நியாயம் உண்டு. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள மாடிப் போர்ஷனில் அடுத்தவர் என்ன உண்கிறார் என்பதற்கு வாடகை வாங்குபவர் உடன்பட்டார் என்று சொல்ல முடியாது. மளிகைக்கடைக்காரர் தான் விற்ற மிளகு எந்தக் குழம்பில் விழுந்தது என்று கணக்கெடுப்பதில்லை.

பிறப்பைப் பற்றிய கேள்விக்கு இந்த அளவு நியாயமும் கிடையாது. உணவு ஒரு செயல். பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பிறப்பு செயலே அல்ல. மாணவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதால் சுவரும் அடுப்பும் எந்த மாற்றமும் அடைவதில்லை. சைவம் கடைப்பிடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் தலித் மாணவருக்கோ முஸ்லிம் மாணவருக்கோ அதன் பிறகும் வீடு இல்லை என்றால், உணவு என்பது அங்கே சாக்கு மட்டுமே.

சட்டம் இந்த இடத்தில் அரைவழிதான் வந்திருக்கிறது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சமயம் முதலானவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 15-ஆம் பிரிவோ முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. தனி வீட்டுக்காரரை நேரடியாகத் தொடுவதில்லை. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், சமயம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பதை அது தடை செய்தது. உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்துக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. ஒரே கூரையின் கீழ் யாரோடு வாழ்வது என்ற தனிவாழ்வின் உரிமைக்கும், வீட்டைத் தொழிலாக வாடகைக்கு விடுபவரின் பொதுக்கடமைக்கும் இடையே கோடு போடும் முயற்சி அது. கோடு சரியான இடத்தில் விழுந்ததா என்று வாதிடலாம். கோடு ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. பத்து போர்ஷன் கட்டி மாணவர்களுக்கென்றே வாடகைக்கு விடுபவர், தன் வீட்டுக் கூடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற உரிமையைத் துணைக்கு அழைக்க முடியாது.

பாதுகாப்பும் காவலும்

பாதுகாப்பான வீடு என்பதில் மூன்று பொருள் கலந்திருக்கிறது. கட்டடம் இடியாமலும் தீப்பிடிக்காமலும் இருப்பது ஒன்று. வெளியாரின் தொல்லை இல்லாமல் இருப்பது இன்னொன்று. வீட்டுக்காரரின் தொல்லை இல்லாமல் இருப்பது மூன்றாவது.

முதல் வகையில் அறத்தின் சுமை முழுதும் வீட்டுக்காரர் மேல் விழுகிறது. காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வு. 2015 ஜூன் 16 அன்று, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அருகே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனி முறிந்து விழுந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள். உள்ளே நீர் இறங்கி மரச்சட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. பால்கனியில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை. தெரியாத ஆபத்துக்கு எவரும் சம்மதம் தர முடியாது. ஆகவே ‘வாடகை குறைவு, அதற்கேற்ற வசதிதான்’ என்ற பதில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்குச் செல்லும். உளுத்த சட்டத்துக்கும், தரையிணைப்பு இல்லாத மின்கம்பிக்கும், பூட்டிக்கிடக்கும் மாடிப்படிக்கும் செல்லாது. வசதியைக் குறைத்து விலையைக் குறைக்கலாம். உயிரின் காப்பைக் குறைத்து விலையைக் குறைக்க அனுமதித்தால், ஏழை மாணவரின் உயிருக்கு மதிப்புக் குறைவு என்று ஒப்புக்கொண்டதாகும்.

இரண்டாவது வகையின் பெயரால்தான் காவல் வருகிறது. அது பெரும்பாலும் பெண்கள் மேல் வருகிறது. இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ கேட்டைப் பூட்டுவது, யார் பார்க்க வந்தார்கள் என்று பதிவேடு வைப்பது, தாமதமானால் ஊரில் உள்ள அப்பாவுக்கு போன் போடுவது எனப் பெண்கள் தங்கும் பி.ஜி.க்களில் விதிகள் நீளும். ஆண் மாணவர் தங்கும் மேன்சனில் இவற்றில் எதுவும் இருக்காது. 2015-ல் தில்லியில் மாணவியர் நடத்திய ‘பிஞ்ரா தோட்’ (கூண்டை உடை) இயக்கம் இந்த வேறுபாட்டைத்தான் கேள்வி கேட்டது. அவர்கள் கேட்டவற்றில் ஒன்று மிக எளிமையானது: மாணவர்களுக்குத் திறந்திருக்கும் நூலகம் மாணவியருக்கு மட்டும் ஏன் முன்னதாக மூடுகிறது?

மக்களைக் குழந்தைகளாகக் கருதி அவர்கள் நலத்தைத் தானே தீர்மானிக்கும் ஆட்சி, கொடுங்கோன்மைகளில் பெரியது என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1793-ல் எழுதினார். பிறருக்குத் தீங்கு வராதவரை வயது வந்தவரின் வாழ்வில் குறுக்கிட எவருக்கும் உரிமை இல்லை என்பது 1859-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் முன்வைத்த கொள்கை. இவ்விருவர் அளவுகோலிலும், மாணவியைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. ஆபத்தை உண்டாக்குபவர் தெருவில் இருக்க, ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவரின் நடமாட்டத்தைக் குறைப்பது, தண்டனையை ஆள் மாற்றிக் கொடுப்பதாகும். தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல்வரை ஆள் நடமாட்டமுள்ள பாதை, உள்ளிருந்து பூட்டக் கூடிய கதவு, இரவில் திறந்துவிட ஒரு வாட்ச்மேன் ஆகியவை பாதுகாப்பின் உண்மையான பொருள்கள். 2014-ல் தமிழகம் கொண்டுவந்த மகளிர், குழந்தைகள் விடுதி ஒழுங்குமுறைச் சட்டம் விடுதி நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. உரிமம் பெற்ற விடுதியா என்று கேட்பது, சேரும் முன் மாணவி செய்யக் கூடிய முதல் சோதனை.

மூன்றாவது வகையைப் பற்றிப் பேச்சு குறைவு. வாடகைக்கு விட்ட பிறகும் அது தன் வீடுதானே என்று சாவியோடு உள்ளே வருபவர் உண்டு. சொத்துரிமை வீட்டுக்காரரிடமே இருந்தாலும், வாழும் உரிமை ஒப்பந்தக் காலத்துக்குக் குடியிருப்பவரிடம் போய்விடுகிறது. முன்கூட்டி அறிவித்துவிட்டே உள்ளே வர வேண்டும் என்று வாடகைச் சட்டம் சொல்வதன் அடிப்படை அதுதான். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளை வெளியேற்றுவதும் சட்டத்துக்குப் புறம்பு.

மாணவரின் பங்கு

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. 1795-ல் கான்ட், பூமி உருண்டையாகவும் எல்லைக்குட்பட்டும் இருப்பதால் மனிதர்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டே தீர வேண்டும், வந்தவரைப் பகைவராக நடத்தக் கூடாது என்று எழுதினார். அந்த உரிமையை ‘அமைதியாக நடந்துகொள்ளும்வரை’ என்ற வரம்போடுதான் சொன்னார். திருக்குறளும் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்து வீட்டாரின் அறமாகப் பேசுகிறது. அடுத்து இனியவை கூறலும் செய்ந்நன்றி அறிதலும் வரிசையாக வருகின்றன. மூன்று பேருக்கு என்று எடுத்த அறையில் ஆறு பேர் தங்குவதும், நள்ளிரவில் மொட்டைமாடியில் கூச்சலிட்டுக் கீழ்வீட்டு முதியவரின் தூக்கத்தைக் கெடுப்பதும், கடைசி மாத வாடகையை அட்வான்சில் கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போவதும், அடுத்து வரும் மாணவருக்குக் கதவை அடைக்கும் செயல்கள். ‘பேச்சிலருக்கு இல்லை’ என்ற போர்டை எழுதியதில் முன்பு குடியிருந்த சிலருக்கும் பங்கு உண்டு. ஆனால் சிலர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது, சாதி பார்த்து மறுப்பதன் தர்க்கத்தையே வேறு இடத்தில் பயன்படுத்துவதாகும். முன்பிருந்த வீட்டுக்காரரிடம் ஒருவரைப் பற்றி விசாரிப்பது நியாயமான எச்சரிக்கை. பேச்சிலர் என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவது முன்முடிவு.

இவற்றைத் தொகுத்துச் சொன்னால், கல்லூரி வாசலில் வீடு வைத்திருப்பவருக்குக் கட்டடத்தின் செலவும் உழைப்பின் பலனும் தன் உண்மை இழப்பும் சேர்ந்த வாடகையைப் பெற முழு உரிமை உண்டு. மாணவரின் அவசரத்துக்கு விலை போட உரிமை இல்லை. பகிரும் அடுக்களையில் நிபந்தனை போடலாம். பிறப்பைக் கேட்கக் கூடாது. கட்டடத்தின் காப்புக்கு அவரே பொறுப்பு. குடியிருப்பவரின் நடத்தைக்கு அவர் காவலர் அல்லர். மாணவர்களை ஊருக்கு வரவழைக்கும் பல்கலைக்கழகம், அவர்கள் தலைசாய்க்கும் இடத்தைப் பற்றி இது தன் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. சேர்க்கை எண்ணிக்கையை அறிவிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதே பக்கத்தில் தன் விடுதியில் உள்ள இடங்களின் எண்ணிக்கையையும் அறிவிப்பது, அந்தக் கடமையின் முதல் படி.